பெட்டி கட்டும் முன்: வெளிநாடு கிளம்பும் வாசகர்களின் கேள்விகள்

திருச்சியில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் 27 வருஷம் டிக்கெட் போட்டவள் நான். டிக்கெட்டைக் கையில் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்துவிடாது. கிளம்புகிற அன்று நடுராத்திரி விமான நிலையத்திலிருந்து ஃபோன் வரும். "அக்கா, பெட்டியைத் திறக்கச் சொல்றாங்க, என்ன செய்யறது?" என்று குரல் நடுங்கும். அந்த ஃபோன்களில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பகுதியில் நான் எழுதுவதெல்லாம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்டியைப் பற்றியே இருக்கின்றன. விசா கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்திருக்கிறேன்.

மன்னார்குடி வாசகி: மகளுக்கு டல்லாஸில் பிரசவம். தனியாகப் போகிறேன், முதல் விமானப் பயணம். பிரசவ லேகியம், கறிவேப்பிலை, எங்கள் வயல் அரிசி, பொடி வகைகள் எடுத்துப் போகலாமா? எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயப்படாதீர்கள் அம்மா. இருப்பதை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அமெரிக்காவில் பெரிய தொல்லை எதுவும் வராது. மறைத்தால்தான் அபராதம்.

முதலில் அரிசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சொந்த வயல் அரிசியில் மகளுக்குப் பத்தியச் சோறு பொங்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 2021-லிருந்து இந்தியா போன்ற சில நாடுகளிலிருந்து பயணிகள் அரிசியும் கொண்டைக்கடலையும் கொண்டுவர அங்கே தடை. காரணம் கப்ரா வண்டு என்கிற தானிய வண்டு. அதன் புழு தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும், சாக்குத் தையலிலும் பெட்டி மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு கிடங்கில் புகுந்துவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. பொன்னி அரிசி டல்லாஸ் பக்கத்து இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது.

கறிவேப்பிலையும் கூடாது, பச்சையோ காய்ந்ததோ. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிற சிறு பூச்சி அதன் இலையில் வாழும். ஃபுளோரிடாவில் 2005-இல் அந்த நோய் தெரியவந்த பிறகு அங்கே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. எனக்கே இது தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. 2016 ஜனவரியில் மகளைப் பார்க்க சிகாகோ போனபோது, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கொத்து பெட்டியில் இருந்தது. சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தேன். தனி மேசைக்கு அழைத்துப் போனார்கள். கையுறை போட்ட ஓர் அதிகாரி துணியைப் பிரித்து, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லி மற்றதைத் திரும்ப அடுக்க அவரே உதவினார். அபராதம் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் கதை வேறு.

லேகியம், பொடி, சுக்கு, திப்பிலி, ஓமம் இவற்றைக் கொண்டுபோகலாம். எல்லாமே பெரிய பெட்டியில் போகட்டும், கைப்பையில் வேண்டாம். லேகியத்தையும் ஊறுகாயையும் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு அனுமதி கிடையாது. பொடிக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், திருப்தி இல்லையென்றால் விடமாட்டார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்ன பொடி என்று ஆங்கிலத்தில் மகனையோ மருமகளையோ எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதே பட்டியலை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் தாளை நீட்டினால் போதும், ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டியதில்லை.

கொப்பரைத் தேங்காயை மட்டும் எந்தப் பையிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், அடைத்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் ஏற்ற விடுவதில்லை. இது அமெரிக்காவுக்கு மட்டுமல்ல, எந்த ஊருக்குப் போனாலும் இங்கேயே எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊர் டல்லாஸ் இல்லாமல் வேறாக இருந்தால், அங்கேயே உங்கள் பெட்டிகளை பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடி பெட்டி போடும் இடத்தில் கொடுக்க வேண்டும். "டல்லாஸ் வரைக்கும் டேக் போட்டாச்சே" என்று பலர் பெட்டியை எடுக்காமல் அடுத்த விமானத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும், அது வயதானவர்களுக்குப் பெரிய சௌகரியம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். நடக்க முடிந்தாலும் கேட்கலாம். வழி காட்ட ஒரு ஆள் கூடவே வருவார், உங்களுக்கு அதுதான் தேவை.

அதிகாரி ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மகளுக்குப் பிரசவம், பார்க்க வந்திருக்கிறேன், இந்தத் தேதிக்குத் திரும்புகிறேன் என்று சொல்லித் திரும்பும் டிக்கெட்டைக் காட்டுங்கள். விசா பத்து வருஷத்துக்கு இருக்கலாம், ஆனால் அவர் குறிக்கிற தேதிக்குள் நீங்கள் கிளம்பிவிட வேண்டும். அந்தத் தேதியை மகளிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அறந்தாங்கி வாசகர்: தம்பி துபாய்க்கு வேலைக்குப் போகிறான். தெருவில் நாலு வீட்டார் அங்கேயிருக்கும் பிள்ளைகளுக்குப் பார்சல் கொடுக்கிறார்கள். வாங்க மாட்டேன் என்றால் மனஸ்தாபம் வரும். என்ன செய்வது?

மனஸ்தாபம் வந்தால் ஒரு பொங்கலுக்குள் சரியாகிவிடும். வேறொருவர் கட்டிக் கொடுத்த பார்சலைப் பிரிக்காமல் தம்பி எடுத்துப் போகவே கூடாது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

2011-இல் எங்கள் அலுவலகத்தில் டிக்கெட் எடுத்த ஒரு பையன், பெரம்பலூர் பக்கம், முதல் தடவை துபாய் போகிறவன். வழியனுப்ப நானும் போயிருந்தேன். பெட்டியோடு ஒரு துணிப்பை, அதில் செய்தித்தாளில் சுற்றி சணலால் கட்டிய பார்சல். யார் கொடுத்தது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அத்தை, அவர் மகனுக்கு. விமான நிலைய வாசலில் டிராலி மேலேயே வைத்துப் பிரித்தோம். மேலே அல்வா, அதற்குக் கீழே கடலை உருண்டை, அடியில் ஒரு பாலிதீன் கவரில் கால் கிலோ கசகசா. மகன் குருமா வைத்துச் சாப்பிடட்டும் என்று அந்த அம்மா ஆசையாக வைத்தது. அவர் மேல் ஒரு துளி குற்றம் இல்லை. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். நமக்கு மளிகைச் சாமான், அங்கே அது வழக்கு, சிறை. யார் பெட்டியில் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கவரை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பையன் உள்ளே போகும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். பார்சல் கொடுப்பவர்களிடம், "பொருளைத் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே அடுக்கிக்கொள்கிறோம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கி சீல் பிரிக்காத பாக்கெட் என்றால் நல்லது. மருந்து யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் ஊரில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற வலி மாத்திரை டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இரண்டும் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. தம்பிக்கே அப்படி ஏதாவது மருந்து தேவை என்றால் டாக்டர் சீட்டோடு அந்நாட்டுச் சுகாதாரத் துறையிடம் இணையத்தில் முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. தம்பி கையில் இருப்பது வேலை விசாதானே? சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் கிளம்பாதீர்கள். பத்தாவது தேறாதவர் என்றால் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற வகையாக இருக்கும். அவர் வேலைக்குப் போக இ-மைக்ரேட் என்கிற அரசு இணையதளம் வழியாக அந்த அனுமதியை வாங்க வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் வரை கிடைக்கும். பாலிசி நகல், வேலை ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். பீரோவில் வைத்துப் பூட்டாமல், அம்மாவுக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

கரூர் வாசகி: எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

டிக்கெட்டைப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும். 2 பி.சி. என்று இருந்தால் இரண்டு பெட்டி, பெரும்பாலும் ஒவ்வொன்றும் 23 கிலோ. 30 கே என்று இருந்தால் எத்தனை பெட்டியானாலும் மொத்தம் 30 கிலோ. 2 பி.சி. டிக்கெட்டில் ஒரு பெட்டி 27, இன்னொன்று 19 என்று வைத்தால் கூட்டிக் கழித்துப் பார்க்க மாட்டார்கள், 27-க்கு அபராதம் போடுவார்கள். 32 கிலோவுக்கு மேல் ஒற்றைப் பெட்டியைப் பணம் கட்டினாலும் வாங்குவதில்லை, தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. காலிப் பெட்டியே நாலு ஐந்து கிலோ இருக்கும் என்பதை மறக்காதீர்கள். எடை பார்க்கிற கருவி இல்லாவிட்டால் ஆள் நிற்கிற எடை மெஷினில் பெட்டியோடு ஒரு தடவை, பெட்டி இல்லாமல் ஒரு தடவை ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இதைச் செய்துவிடுங்கள். திருச்சி விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டரைக் கிலோ கூடுதல். ஒரு கையில் மகனுடைய கம்பளிச் சட்டை, ஒரு கையில் முறுக்கு டின். எதை எடுப்பது என்று மகனைப் பார்க்கிறார், அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். கடைசியில் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டின்னை உள்ளே திரும்ப வைத்தார். மகன் போன பிறகு அந்தச் சட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

தஞ்சாவூர் வாசகி: அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மிக்ஸி, குக்கர் வாங்கிக் கொடுக்கலாமா?

இங்கே வீட்டில் ஓடுகிற மிக்ஸி வேண்டாம். நமக்கு மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. இங்கத்து மிக்ஸி அங்கே முனகும், மாவு அரையாது. ஏற்றுமதிக்கென்றே 110 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் நம் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். ஃபோன், லேப்டாப் சார்ஜரில் பொடி எழுத்தில் 100–240 என்று போட்டிருந்தால் பிளக் மாற்றி (அடாப்டர்) மட்டும் போதும். குக்கர் வாங்குமுன் மகள் வீட்டில் என்ன அடுப்பு என்று கேளுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது.

காரைக்குடி வாசகர்: அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அண்ணன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போகிறார், மூன்று மாதம். மருந்துக்கு என்ன ஏற்பாடு?

மருந்து முழுவதும் அப்பாவின் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வருவது சகஜம், சர்க்கரை மாத்திரை ஒரு நாள் தாமதிக்க முடியாது. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பெயர் தெரிகிற அட்டையாகவே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் பத்து நாள் கூடுதலாக வாங்குங்கள். டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்பது போல மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். நம் கம்பெனிப் பெயர்கள் அங்கத்து மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது. பாரசிட்டமாலைக்கூட அங்கே அசிட்டமினோஃபென் என்றுதான் சொல்கிறார்கள். தெரியாமல் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சேர்த்துச் சாப்பிட்டுவிடக் கூடாது, அது கல்லீரலுக்கு ஆபத்து.

இன்சுலின் போடுகிறார் என்றால் அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் பயன்படாது. ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்டிரிப் எல்லாம் டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் போகலாம். நியூ ஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. காலை மாத்திரையை எந்த ஊர்க் காலைக்குப் போடுவது என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். அதை நான் சொல்லக் கூடாது, நீங்களும் ஊகிக்கக் கூடாது. டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் மணிக்கணக்கு எழுதி வாங்குங்கள்.

சாப்பாட்டை டிக்கெட் போட்டவரிடமே சொல்லி மாற்றலாம். ஏ.வி.எம்.எல். என்றால் நம் முறைச் சைவச் சாப்பாடு, டி.பி.எம்.எல். என்றால் சர்க்கரைக்காரர்களுக்கு. இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் கைப்பையில் கொஞ்சம் பிஸ்கட் இருக்கட்டும், சர்க்கரை இறங்கினால் வாயில் போட நாலு மிட்டாயும். இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கும்.

மருத்துவக் காப்பீடு எடுக்காமல் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் தருமா என்ற ஒரு வரியை பாலிசியில் தேடிப் படியுங்கள். மலிவான பாலிசிகள் பலவற்றில் அது இருக்காது.

நாகப்பட்டினம் வாசகர்: சிங்கப்பூர் போகிறோம், குடும்பத்தோடு, ஒரு வாரம். கவனிக்க வேண்டியது என்ன?

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குழந்தைகளுடையதையும். குழந்தை பாஸ்போர்ட் ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும், வீட்டில் கவனிக்காமல் விடுவது அதைத்தான். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. சூயிங்கம் வேண்டாம், இ-சிகரெட் கூடவே கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், 20,000 எம்.ஏ.எச். வரை உள்ளது பிரச்சினை இல்லை. நம் ரூபாயை ஆளுக்கு 25,000-க்கு மேல் வெளியே கொண்டுபோக அனுமதி கிடையாது.

பெரம்பலூர் வாசகி: மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். வீட்டை விட்டு இருந்ததே இல்லை. என்னென்ன கொடுத்து அனுப்புவது என்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சான்றிதழ் மூலங்கள், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், வங்கியில் பணம் கட்டி வைத்த சான்று, காப்பீடு, தங்குமிட முகவரி இவை எல்லாம் ஒரே ஃபைலில், அவன் தோள்பையில். அதை வைத்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

பால்கோவா, நெய், பால் சேர்ந்த எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், வடாம் கொடுங்கள். மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட்தான், அதனால் சின்ன மிக்ஸி ஒன்று கொடுத்தால் ஓடும். மூன்று முள் பிளக் மட்டும் அங்கே சேராது, மாற்றி இரண்டு வாங்கிப் போடுங்கள். தேங்காய் எண்ணெயை வாய் குறுகலான பாட்டிலில் கொடுக்காதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும், அங்கே வருஷத்தில் பாதி நாள் பாட்டிலிலிருந்து வராது. வாயகன்ற டப்பாவில் கொடுங்கள், விரலால் எடுத்துக்கொள்வான். கனமான குளிர்ச் சட்டை இங்கே வாங்க வேண்டாம், அங்கத்துக் குளிருக்கு அங்கே விற்பதுதான் சரி. உள்ளே போடுகிற தெர்மல் இரண்டு ஜோடி மட்டும் போதும், இறங்கின முதல் வாரத்துக்கு.

பெட்டியை நீங்கள் கட்டாதீர்கள் அம்மா. அவன் கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ரயிலில் மாறி, ராத்திரி பத்து மணிக்கு அறைக் கதவைத் திறக்கும்போது பிளக் மாற்றி எந்தப் பக்கம், போர்வை எதற்கு அடியில், பருப்புப் பொடி எங்கே என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி அரிசி வாங்கக் கடை திறந்திருக்காது. கால் கிலோ அவலும் ஒரு சின்னப் பொட்டலம் வெல்லமும் பெட்டியின் மேல் தட்டில் அவனையே வைக்கச் சொல்லுங்கள்.